கூரைமேல் ஒரு கூடாரம்: வாங்குமுன் எண்ண வேண்டியவை

பிக்கப் வண்டி வைத்திருக்கும் வாடிக்கையாளர்கள் சிலர் அண்மைக் காலமாக எங்களிடம் ஒரு புதுவகைக் கேள்வியை எழுப்புகின்றனர். வண்டியின் கூரைமேல் பொருத்தி, ஏணியில் ஏறிப் படுக்கும் கூடாரம் வாங்கக் கடன் கிடைக்குமா, கிடைக்குமாயின் எந்தப் பிராண்டைத் தேர்ந்தெடுப்பது என்பதே அது. முதற்பகுதிக்கு விடை கூறுவது எளிது. தகுதியுள்ளவருக்குத் தனிநபர் கடன் கிடைக்கும். அது எந்தச் செலவுக்கும் ஆகும். இரண்டாம் பகுதி அத்தனை எளிதன்று. கூடாரம் நல்லதா என்பதை அதன் பெயர் மட்டும் தீர்மானிப்பதில்லை. அதைத் தாங்கும் வண்டி, விரிக்கும் இடம், அங்கே பெய்யும் மழை ஆகிய மூன்றும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

எனவே பொதுப்படப் பேசாமல் ஓரிடத்தை மனத்தில் நிறுத்தி இதனை ஆராய்வோம். திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரை வழியாக ஏறத்தாழ 60 கி.மீ. சென்றால் போனக்காடு. அகத்தியர்கூடத்தின் (1,868 மீட்டர்) அடிவாரத்தில் உள்ள பழைய தேயிலைத் தோட்டம் அது. வெள்ளையர் காலத்தில் தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்ட தொழிலாளரின் வழிவந்தோர் இன்றும் அங்கு லயங்களில் வாழ்கின்றனர். தோட்டம் நலிந்துபோய், தொழிற்சாலை ஓய்ந்து பல்லாண்டுகள் ஆயின. அகத்தியர்கூட மலையேற்றம் தொடங்குவது இங்குள்ள வனத்துறைச் சாவடியிலிருந்துதான். ஆகவே சனவரி பிறந்ததும் முதுகுப்பையோடு வருவோர் கூட்டம் ஒருபுறம். பாழடைந்த பழைய பங்களாவைப் பற்றிய பேய்க்கதையைக் கேட்டு வருவோர் கூட்டம் மறுபுறம். கூரைக்கூடாரக்காரர்கள் இப்போது மூன்றாவதாகச் சேர்ந்திருக்கின்றனர். கூடார விளம்பரங்கள் காட்டும் வறண்ட ஆஸ்திரேலியப் பாலைவெளிக்கு நேர்மாறான இடம் இது. இங்கே தேறும் கூடாரம் தென்னாட்டு மலைகள் எவற்றிலும் தேறும் என்பதே நாங்கள் இதனைத் தேர்ந்ததற்குக் காரணம்.

கூரைக்கூடாரம் புதிய கண்டுபிடிப்பன்று. இத்தாலியின் ஆட்டோஹோம் நிறுவனம் 1958ஆம் ஆண்டிலேயே இதனை விற்கத் தொடங்கியது. கிழக்கு ஜெர்மனியில் சின்னஞ்சிறு டிராபண்ட் காரின் தலைமேலும் இத்தகைய கூடாரத்தை ஏற்றிக் கடற்கரைக்குச் சென்றிருக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் தரையில் ஊரும் உயிர்களுக்கு அஞ்சி மேலே படுக்கும் வழக்கம் வலுப்பெற்றது. நம் நாட்டில் 'கேம்பர்' என்று பெயர் பூண்ட பொலேரோ வண்டி நெடுங்காலமாக ஓடுகிறது. ஆயினும் அதில் முகாமிட்டவரைவிட மின்வாரியத்துக்கும் கட்டடப் பணிக்கும் ஆளேற்றிச் சென்றவரே மிகுதி. 2016இல் இசுசு வி-கிராஸும், 2022இல் டொயோட்டா ஹைலக்ஸும் வந்த பின்னரே பிக்கப்பைச் சுற்றுலா வண்டியாகப் பார்க்கும் எண்ணம் நம்மிடையே பரவியது.

முதலில் வண்டியைக் கேளுங்கள்

பிராண்டுகளின் பட்டியலைத் திறக்குமுன் வண்டியின் கையேட்டைத் திறக்க வேண்டும். அதில் கூரைச்சுமை என்றொரு எண் இருக்கும். வண்டி ஓடும்போது கூரை தாங்கக்கூடிய உச்ச எடை அது. பல வண்டிகளில் 50 கிலோவிலிருந்து 100 கிலோவுக்குள் அமையும். சிறு வண்டிகளில் இன்னும் குறைவு. துணிக்கூரை உடைய வண்டிகளை இக்கணக்கில் சேர்க்கவே வேண்டாம்.

இந்த எண்ணைப் பார்க்கும்போது பலர் செய்யும் பிழை, கூடாரத்தின் எடையை மட்டும் அதனுடன் ஒப்பிடுவது. கூடாரத்தைத் தாங்கும் கேரியரும் சுமைதான். 25 கிலோ இரும்புக் கேரியர்மேல் 60 கிலோ கூடாரம் ஏறினால் 85 கிலோ. கூரையின் எல்லை 75 கிலோவாயின் 10 கிலோ மிகை. இந்த மிகை நெடுஞ்சாலையில் தெரியாது. விதுரையைத் தாண்டிய குண்டும் குழியுமான மலைச்சாலையில், வளைவுதோறும் வண்டியின் தலை ஆடும்போது தெரியும். எடை உயரத்தில் இருக்க இருக்க வண்டி கவிழும் வாய்ப்பு மிகும். பிரேக் பிடிக்கும் தொலைவும் நீளும்.

நின்ற நிலையில் கணக்கு வேறு. இரவில் கூடாரம் 60 கிலோ, படுக்கை விரிப்புகள் 8 கிலோ, இரண்டு பெரியவர்கள் 140 கிலோ எனக் கொண்டால் 200 கிலோவைத் தாண்டிவிடும். நிற்கும் வண்டியின் கூரை ஓடும்போது தாங்குவதைப் போலப் பன்மடங்கு தாங்கும் என்பது உண்மையே. குலுக்கலும் உந்தலும் அப்போது இல்லை. ஆனால் அவ்வெண்ணை எல்லா வண்டி நிறுவனங்களும் அச்சிடுவதில்லை. அச்சிடாத இடத்தில் கேரியர் நிறுவனத்தின் எண்ணை எழுத்தில் கேட்டுப் பெறுவதே முறை. கடைக்காரர் "ஒன்றும் ஆகாது" என்று சொல்வது எண்ணாகாது.

பிக்கப் உரிமையாளருக்கு இங்கே ஒரு நல்வாய்ப்பு உண்டு. கூடாரத்தை ஓட்டுநர் அறையின் கூரைமேல் வைக்காமல், பின்புறச் சரக்குத் தொட்டியின்மேல் சட்டம் அமைத்து வைக்கலாம். எடை தொட்டியின் வழியே அடிச்சட்டத்துக்கு இறங்கும், உயரமும் குறையும், காற்றின் எதிர்ப்பு குறைவதால் டீசலும் ஓரளவு மிஞ்சும். ஏணி குட்டையாகும். இரவில் எழுந்து இறங்க வேண்டிய முதியவருக்கு அந்த ஓரடி உயரக் குறைவு பெரிது. எங்கள் கருத்தில், பிக்கப் வைத்திருப்பவர் கூரைமேல் ஏற்றுவதற்குச் சரியான காரணம் அரிதாகவே இருக்கும். எவ்வாறாயினும் பதிவுச்சான்றில் உள்ள மொத்த எடை வரம்பைப் பயணிகள், தண்ணீர், பெட்டி, கூடாரம் எல்லாம் சேர்ந்தும் மீறலாகாது.

மென்கூடாரம், வன்கூடாரம்

சந்தையில் உள்ளவை பெரும்பாலும் இரு குலம். துணியால் ஆகி, புத்தகம்போல் விரிந்து, பாதி வண்டிக்கு வெளியே ஏணியின்மேல் நிற்பது மென்கூடாரம். கண்ணாடியிழையாலோ அலுமினியத்தாலோ ஆன பெட்டிபோல் மூடி, தாழ்ப்பாளை விடுவித்ததும் காற்றழுத்தத் தண்டுகளின் விசையால் எழுந்து நிற்பது வன்கூடாரம். முன்னது எடை குறைவு, விலை குறைவு, இடம் மிகுதி. பின்னது ஓரிரு நிமிடத்தில் திறந்து மூடக்கூடியது. விலை ஏறத்தாழ இரட்டிப்பு.

பெயர்பெற்ற பிராண்டுகளின் இயல்பைச் சுருக்கமாகச் சொல்லலாம். சுவீடனின் தூலே, 2018இல் டெப்யூய் என்ற அமெரிக்க நிறுவனத்தை வாங்கி இத்துறையில் நுழைந்தது. கேரியரும் கூடாரமும் ஒரே நிறுவனத்திடம் கிடைப்பது அதன் வசதி. அதன் ஃபுட்ஹில் என்னும் மென்கூடாரம் 49 கிலோதான். மடித்தால் கூரையின் பாதி அகலத்தில் அடங்கும். கொரியாவின் ஐகேம்பர், வன்பெட்டிக்குள்ளிருந்து மென்கூடாரம் விரியும் கலப்பு வகையைப் பரப்பியது. நால்வர் படுக்கலாம், எடையோ 75 கிலோவை ஒட்டும். ஜேம்ஸ் பரூடும் இத்தாலியின் ஆட்டோஹோமும் செங்குத்தாக எழும் வன்பெட்டிக்குப் பேர்போனவை. ஆஸ்திரேலியாவின் ஏஆர்பி, அயர்ன்மேன், தென்னாப்பிரிக்காவின் ஈசி-ஆன் ஆகியவை கனத்த கித்தானும் முரட்டுத் தையலும் உடையவை. இவற்றின் வெளிநாட்டுப் பட்டியல் விலை பெரும்பாலும் 1,500 முதல் 4,500 டாலர் வரை. கப்பற்கூலியும் சுங்கமும் வரியும் சேர்ந்து இங்கே வந்திறங்கும்போது அத்தொகை வேறு முகம் காட்டும். உள்நாட்டிலும் சில நிறுவனங்கள் இப்போது கூடாரம் தைத்தும் தருவித்தும் விற்கின்றன.

இவ்விடத்தில் ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். விலை குறைந்த பிராண்டுகள் பலவும் சீனத் தொழிற்சாலைகளில் வாங்குவோர் பெயரை ஒட்டித் தரப்படுபவை. இரண்டு கடைகளில் இரண்டு பெயரும் இரண்டு விலையுமாக நிற்கும் கூடாரங்கள் ஒரே தையற்கூடத்திலிருந்து வந்திருக்கக்கூடும். ஆதலால் பெயரைக் காட்டிலும் துணியைப் பார்க்கத் தெரிந்திருப்பது நன்று.

போனக்காட்டு மழையில் துணி

இங்கே இரண்டு மழைக்காலம். இடவப்பாதி மழை ஓய்ந்து மூச்சுவிடுவதற்குள் துலாமழை பிடித்துக்கொள்ளும். மழையில்லாத நாளிலும் மாலையானால் மலையிலிருந்து மஞ்சு இறங்கிவிடும். இந்த ஈரம்தான் கூடாரத்தின் மெய்யான பகைவன். வெளியிலிருந்து வரும் நீரைவிட உள்ளிருந்து பிறக்கும் நீரே மிகுந்த தொல்லை தருவது.

இருவர் ஓரிரவு உறங்கினால் மூச்சாலும் வியர்வையாலும் ஏறத்தாழ அரை லிட்டர் நீர் காற்றில் கலக்கிறது. வெளியே குளிர், உள்ளே வெம்மை. அந்த ஆவி கூடாரத்தின் உட்சுவரில் பட்டுத் துளியாகிறது. விடியற்காலையில் முகத்தில் சொட்டும்போது கூடாரம் ஒழுகுகிறது என்று எண்ணி விற்றவரிடம் சண்டைக்குப் போவோர் உண்டு. ஒழுகியது கூடாரமன்று, நம் மூச்சு. மழைக்கு அஞ்சி எல்லாச் சன்னல்களையும் அடைத்துக்கொண்டால் இது இன்னும் மோசமாகும். எனவே மழைத்துணி விரிந்திருக்கும்போதே திறந்து வைக்கக்கூடிய காற்றுவழி, அதுவும் எதிரெதிர்ப் பக்கங்களில், உள்ளதா என்பதை முதலில் பாருங்கள். எந்தப் பிராண்டிலும் இது இல்லையெனில் அதை எங்கள் மலைகளுக்குப் பரிந்துரைக்க மாட்டோம்.

துணி இருவகை. பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்த கித்தான் ஒன்று. உட்புறம் பிசின் பூசிய முழுப் பாலியெஸ்டர் மற்றொன்று. கலப்புக் கித்தான் மூச்சுவிடும். நனைந்தால் பருத்தியிழை பருத்து நுண்துளைகளைத் தானே அடைத்துக்கொள்ளும். அதனால்தான் புதுக் கித்தான் கூடாரத்தை முதற்பயணத்துக்கு முன்பே வீட்டில் இரண்டொரு முறை நனைத்து உலர்த்தச் சொல்கிறார்கள். அதைச் செய்யாமல் நேரே மழையில் விரித்தால் தையல்வழியே கசிவதைப் பார்க்கலாம். இதன் குறை, எடை மிகுதியும் மெதுவாக உலர்வதும். ஒரு சதுர மீட்டர் துணி 260 முதல் 280 கிராம் வரை எடை இருப்பது நல்ல கித்தானுக்கு அடையாளம். கடையில் இந்த எண்ணைக் கேளுங்கள். தெரியாது என்றால் அதுவே ஒரு விடை.

பாலியெஸ்டர் விரைவில் உலரும், மலிவு, எடையற்றது. ஆனால் அதன் பிசின்பூச்சு ஈரமும் வெப்பமும் சேர்ந்த இடத்தில் நாளடைவில் சிதைந்து பிசுபிசுக்கும். பின்பு செதிள்செதிளாக உரியும். தையலின்மேல் ஒட்டிய நாடாவும் அவ்வாறே. ஈரத்தோடு மடித்து மொட்டைமாடியில் வெயிலில் விட்டுவைத்தால் இச்சிதைவு இன்னும் விரையும்.

விளம்பரங்களில் 2,000, 3,000 எனக் காணும் மில்லிமீட்டர் எண், துணி எத்தனை உயர நீர்த்தம்பத்தைக் கசியாமல் தாங்கும் என்பதன் அளவு. மழைத்துணிக்கு 2,000 இருந்தால் இங்கே போதும். 5,000 என்று ஒருவர் பெருமை பேசினாலும் தையலும் ஜிப்பும் மட்டமாயின் பயனில்லை. நீர் புகுவது துணியின் நடுவிலன்று. ஜிப்பின் பல்லிலும் ஊசித்துளையிலுமே. ஜிப்பை நாலைந்து முறை ஒற்றைக் கையால் இழுத்துப் பாருங்கள். அது துணியைக் கடித்தால் அட்டைகள் ஊரும் இருளில் என்ன பாடுபடுத்தும் என்று எண்ணிப் பார்த்து அடுத்த கூடாரத்துக்கு நகருங்கள்.

மெத்தையின் அடிப்புறம் இன்னொரு மறைவிடம். உடற்சூடு மேலே, குளிர்ந்த அலுமினியத் தளம் கீழே. நடுவில் ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். மெத்தைக்கடியில் காற்றோடும் வலைப்பாய் ஒன்று தருகிறார்களா என்று பாருங்கள். தராவிட்டால் தனியே வாங்க வேண்டும். சில ஆயிரம் ரூபாய்ச் செலவு, பல ஆயிரம் ரூபாய் மெத்தையைக் காக்கும்.

இவை யாவற்றையும்விட முதன்மையான கேள்வி ஒன்றுண்டு. ஊர் திரும்பியபின் கூடாரத்தை எங்கே உலர்த்துவீர்கள்? மழையில் மடித்து வந்த கூடாரத்தை ஓரிரு நாளுக்குள் முழுவதும் விரித்து உலர்த்தாவிட்டால் கரும்புள்ளி விழுந்துவிடும்; பிறகு போகாது. அடுக்ககத்தின் தாழ்வான வண்டி நிறுத்தத்தில் வன்கூடாரத்தைத் திறக்க உயரம் போதாது. மென்கூடாரத்தை விரிக்கப் பக்கத்துக்காரர் இடம் வேண்டும். நிறுத்தத்தின் நுழைவாயில் உயரத்தையும் வாங்குமுன் அளந்துகொள்வது நன்று. தனிவீடும் முற்றமும் உள்ளவர் இக்கவலையிலிருந்து விடுபட்டவர்.

மின்னலைப் பற்றி ஒரு சொல். துலாமழைக் காலத்து மாலைகளில் இம்மலைகளில் இடிமின்னல் கடுமை. உலோகக் கூடுடைய வண்டியின் உள்ளே கண்ணாடிகளை மூடி அமர்ந்திருப்பவருக்குக் காப்புண்டு. அதன் தலைமேல் துணிக்குள் படுத்திருப்பவருக்கு இல்லை. இடி கேட்டால் இறங்கி உள்ளே அமர்வதே தக்கது. அதுபோலக் கூடாரத்தினுள் அடுப்போ கரியோ மூட்டுதல் கூடவே கூடாது. கார்பன் மோனாக்சைடு மணமற்றது, உறக்கத்திலேயே கொல்லும்.

யாரிடம் வாங்குவது

கூடாரம் ஐந்தாறு ஆண்டு உழைக்க வேண்டிய பொருள். அதற்குள் ஒரு காற்றழுத்தத் தண்டு சோரும், ஏணியின் பிடி உடையும், ஜிப்பின் இழுப்பான் கழலும். அந்த உதிரிப்பாகம் கொச்சியிலோ சென்னையிலோ பெங்களூருவிலோ கிடைக்குமா என்பதே பிராண்டுகளுக்கிடையே நாங்கள் காணும் பெரிய வேறுபாடு. உலகப்புகழ் பெற்ற கூடாரத்தை அயல்நாட்டிலிருந்து தாமே தருவித்து, ஒரு சிறு தண்டுக்காக மாதக்கணக்கில் காத்திருப்பதைவிட, நடுத்தரமான கூடாரத்தை உள்ளூர் முகவரிடம் வாங்குவது அறிவுடைமை என்பது எங்கள் துணிபு.

சட்டமும் இதற்குத் துணைநிற்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே முறையிடலாம். 5 இலட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு மாவட்ட ஆணையத்தில் கட்டணமும் இல்லை. ஆனால் எதிர்த்தரப்பு கடல்கடந்த கடையாயின் தீர்ப்பு கையில் இருந்தும் பணம் வருவது அரிது. இறக்குமதிப் பொருளாயின் பெட்டியின்மேல் இறக்குமதியாளர் பெயரும் முகவரியும் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

முன்பணம் பற்றி வங்கியாளர் என்ற முறையில் ஓர் எச்சரிக்கை. சமூக ஊடகப் பக்கத்தில் அழகிய படமும் பாதி விலையும் காட்டி, முழுத் தொகையையும் யுபிஐ வழியாக உடனே அனுப்பச் சொல்பவர்களிடம் விலகியிருங்கள். வரிப்பதிவு எண்ணுடன் விலைச்சீட்டு தரச் சொல்லுங்கள். நிறுவனத்தின் பெயரில் உள்ள கணக்குக்கே அனுப்புங்கள். ஏமாந்ததாக ஐயம் எழுந்த அதே மணியில் 1930 என்ற எண்ணை அழையுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணியும் பணத்தைத் தொலைவுக்குக் கொண்டுபோகும்.

வண்டிச் சட்டமும் காப்பீடும்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் 2019 சனவரியில் உச்ச நீதிமன்றம் இதனை அழுத்தமாக உறுதிசெய்தது. 2021 ஆகஸ்டில் கண்ணூரில், பயணத்துக்கென மாற்றியமைத்த வேன் ஒன்றை மோட்டார் வாகனத் துறை கைப்பற்றியபோது அது கேரளம் முழுவதும் பேச்சாயிற்று. கழற்றி எடுக்கக்கூடிய கூடாரத்துக்கும், வண்டியின் உடலையே வெட்டி ஒட்டுவதற்கும் வேறுபாடு உண்டு. ஆயினும் கூரையில் துளையிடுதல், சட்டத்தைப் பற்றவைத்தல் போன்றவற்றைத் தவிர்த்து, போல்ட்டால் பூட்டிக் கழற்றத்தக்க அமைப்பையே நாடுவது நல்லது. ஐயமிருப்பின் தம் பகுதிப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுக்கொள்ளலாம். மடித்த நிலையில் கூடாரம் வண்டியின் பக்கங்களைத் தாண்டி நீளவும் கூடாது. சுமை அவ்வாறு நீண்டால் 194ஆம் பிரிவின்படி அபராதம் 20,000 ரூபாய்.

காப்பீட்டு நிறுவனத்துக்கு அறிவிக்காத துணைப்பொருளுக்கு இழப்பீடு எதிர்பார்க்க இயலாது. கூடாரத்தின் விலைச்சீட்டைக் கொடுத்து, அதன் மதிப்பை வண்டியின் காப்பீட்டு மதிப்பில் சேர்த்து எழுதச் செய்யுங்கள். வண்டியின்மேல் வங்கிக்கடன் நிலுவையில் இருந்தால் கிளைக்கும் ஒருவரி எழுதித் தெரிவியுங்கள். ஈட்டுப்பொருளில் நேரும் மாற்றத்தைக் கடன் கொடுத்தவர் அறிந்திருப்பது இருபாலார்க்கும் நலம்.

எங்கே விரிப்பது

இக்கேள்வியைக் கடைசியில் கேட்பவர்களே மிகுதி. முதலில் கேட்டிருக்க வேண்டியது. போனக்காட்டைச் சூழ்ந்திருப்பது பேப்பாறை வனவிலங்குச் சரணாலயம், 1983இல் அறிவிக்கப்பட்டது. அப்பால் உள்ள மலைத்தொகுதி 2016இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகப் பட்டியலில் இடம்பெற்றது. சரணாலயத்துக்குள் அனுமதிச்சீட்டின்றி நுழைவதே 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். காப்புக்காட்டில் அத்துமீறுவது 1961ஆம் ஆண்டின் கேரள வனச்சட்டப்படி குற்றம். சாலையோரம் வண்டியை நிறுத்தி ஏணியை இறக்கினால் 'நான் வண்டியில்தானே இருக்கிறேன்' என்ற வாதம் செல்லாது. அகத்தியர்கூடம் ஏறப் பெறும் சீட்டு மலையேற்றத்துக்கு உரியது. சாவடி முற்றத்தில் கூடாரம் விரிக்க உரிமை தருவதன்று. எஞ்சியது தோட்ட நிலம். அது தனியார் உடைமை. லயங்களின் முன்னுள்ள வெளி அங்கு வாழ்வோரின் முற்றம். மழைநாளில் ஒழுகும் கூரையின் கீழ் உறங்குவோரின் வாசலில், கேட்காமல் இரண்டு இலட்சம் ரூபாய்க் கூடாரத்தை விரிப்பது சட்டத்துக்கு முன்பே நாகரிகத்துக்குப் பொருந்தாது.

யானையும் காட்டெருதும் நடமாடும் இடம் இது. உயரத்தில் படுத்தால் யானைக்கு எட்டாது என்ற எண்ணம் தவறு. வளர்ந்த யானையின் தும்பிக்கை பிக்கப்பின் கூரையை எளிதில் எட்டும். 2021 சனவரியில் வயநாட்டின் மேப்பாடியில் விடுதியொன்றின் கூடாரத்தில் தங்கியிருந்த பெண் யானை தாக்கி இறந்தார். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறியவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்த கொடுமையைத் தமிழகம் மறந்திருக்காது. காட்டில் அனுமதி என்பது வெறும் தாள் அன்று. நீங்கள் எங்கிருக்கிறீர்கள் என்பதை வனத்துறை அறிந்திருப்பதற்கான ஏற்பாடு.

ஆகவே போனக்காட்டைப் பகலில் கண்டு, இரவுக்கு விதுரை, கல்லாறு பக்கம் இறங்கி, வேலியும் கழிவறையும் உள்ள தங்குமனைகளின் வளாகத்தில் உரிமையாளரைக் கேட்டுக் கூடாரம் விரிப்பதே உகந்தது. கேரள அரசு 2021இல் கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்து, மறு ஆண்டில் வாகமணில் முதற் பூங்காவும் திறந்தது. இத்தகைய இடங்கள் பெருகினால் கூரைக்கூடாரக்காரர்களுக்கும் வழி பிறக்கும். தற்போதைக்கு அவை குறைவே.

இரவொன்றுக்கு எவ்வளவு

இனிக் கணக்கு. கூடாரம், சட்டம், பொருத்துக்கூலி எல்லாம் சேர்த்து 2,00,000 ரூபாய் என்றும், அதனை 12 விழுக்காட்டு வட்டியில் 36 மாதத் தனிநபர் கடனாகப் பெறுவதாகவும் கொள்வோம். வட்டி விகிதம் வாடிக்கையாளருக்கு வாடிக்கையாளர் மாறும், இது எடுத்துக்காட்டே. மாதத் தவணை 6,643 ரூபாய். மூன்றாண்டில் கட்டும் மொத்தம் 2,39,148 ரூபாய்.

வேலைக்குச் செல்லும் குடும்பம் ஆண்டுக்கு எத்தனை இரவு வெளியே தங்கும்? பள்ளி விடுமுறை, நீண்ட வார இறுதி, அதில் மழை கெடுத்தவை போக எட்டு இரவு என்பது தாராளமான மதிப்பீடு. மூன்றாண்டுக்கு 24 இரவு. இரவொன்றுக்கு 9,965 ரூபாய் ஆகிறது. அத்தொகைக்கு நல்ல விடுதியிலேயே தங்கி, காலையில் சுடச்சுடப் புட்டும் கடலையும் உண்ணலாம். ஆண்டுக்கு 20 இரவு தங்குபவருக்கோ அது 3,986 ரூபாயாகக் குறைகிறது. கடன் முடிந்த பிறகும் கூடாரம் நல்ல நிலையில் இருந்தால் இன்னும் குறையும். படம்பிடிப்போர், பறவை நோக்குவோர், ஊர்ஊராகப் பணிக்குச் செல்வோர் இவ்வகையினர். அவர்களுக்கு இது ஆடம்பரமன்று, கருவி. அவர்களிடம் நாங்கள் விலை குறைந்ததை வாங்குங்கள் என்று சொல்வதில்லை. கித்தானும் உதிரிப்பாகமும் உறுதியாகக் கிடைக்கும் பிராண்டுக்கே போங்கள் என்கிறோம்.

எட்டு இரவுக்காரருக்கு வேறு வழியுண்டு. பெருநகரங்களில் கூடாரம் பொருத்திய வண்டியை நாள்வாடகைக்குத் தருவோர் உள்ளனர். ஒருமுறை எடுத்து, மழையுள்ள மாதத்திலேயே இரண்டு இரவு படுத்துப் பாருங்கள். நள்ளிரவில் ஏணியில் இறங்க உங்கள் முழங்கால் இசைகிறதா, குழந்தை விளிம்புக்கு உருளாமல் உறங்குகிறதா, துணைவியாரோ கணவரோ மறுநாள் முகம் சுளிக்காமல் இருக்கிறார்களா என்பதெல்லாம் எந்தப் பட்டியலிலும் அச்சாவதில்லை.

வாங்குவது என்று முடிவாகிவிட்டால், பொருத்திய நாளிலிருந்து முதல் 100 கி.மீ. ஓடியதும் எல்லாப் போல்ட்டுகளையும் மறுபடி முறுக்கிப் பாருங்கள். விதுரையில் தேநீருக்கு நிறுத்தும்போது ஒருமுறை, மலையிறங்கியதும் ஒருமுறை. அதற்குரிய திருகுச்சாவியைக் கூடாரத்துக்குள் வைத்து மடித்துவிடாமல் ஓட்டுநர் இருக்கையின் கீழே வையுங்கள்.